டயரில் 190 வேகக் குறி இருக்கு, ஆனா 75-லேயே டிரெய்லர் ஆடுது: டயர் மாத்தணுமா, வேகத்தைக் குறைக்கணுமா?

காட்பாடி_வண்டி:
எல்லாருக்கும் வணக்கம். பட்டறையில் செய்த ஒற்றை அச்சு கேம்பிங் டிரெய்லர். தண்ணீர், கேஸ், படுக்கை எல்லாம் ஏற்றி எடை மேடையில் 1060 கிலோ. அதில் ஹிட்ச் (காரோடு இணைக்கும் கொக்கி) மேல் இறங்குவது 50 கிலோ. டயர் காருக்கு வருகிற 155/80 ஆர்13 79டி, காற்று 30 பிஎஸ்ஐ. 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் 1.2 மீட்டரில் இருக்கிறது. அச்சிலிருந்து ஹிட்ச் உருண்டை 2.4 மீட்டர். டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை பெங்களூரு நெடுஞ்சாலை, பிறகு ஏலகிரி ஏறணும். 75-ஐத் தொட்டால் பின்பக்கம் ஆடுகிறது. இரண்டு டயரும் இரு ஓரமும் தேய்ந்து, நடுவில் அப்படியே இருக்கு. 'டி' என்றால் 190 தாங்கும் என்கிறார்கள் டயர் கடையில். அப்போ எது சரியான வேகம்?

பாலாறு_டயர்:
கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. 'டி' என்பது 190 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த எழுத்துக்கு முன்னால் இருக்கிற 79-க்குள் பாரம் இருந்தால்தான் அது செல்லும். 79 என்றால் ஒரு டயருக்கு 437 கிலோ. இரண்டுக்கும் சேர்த்து 874. உங்கள் அச்சில் இறங்குவது 1060-இல் 50 போக 1010 கிலோ. ஒரு டயருக்கு 505, அதாவது 68 கிலோ அதிகம். போதாக்குறைக்கு, 437 என்ற கணக்கே 36 பிஎஸ்ஐ காற்றுக்கு உரியது. 30-இல் அதன் தாங்கும் திறன் இன்னும் குறைவு. இரு ஓரமும் தேய்ந்ததற்குக் காரணம் அதுதான்: பாரத்தில் டயர் அமுங்கி ஓரத்தில் நிற்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) மடங்கி விரிகிறது, அந்தச் சூடுதான் உள்ளே ரப்பரையும் கம்பியையும் பிரிக்கும். வேலூர் மே மாத மதியத்தில் சாலையே கொதிக்கும்போது கேட்கவே வேண்டாம்.

இந்த டயரை மாத்தியே ஆகணும். ரீட்ரெட் (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியது) வேண்டாம். சின்ன சரக்கு வண்டிகளுக்கு வருகிற 13 அங்குல எல்டி டயர் கேளுங்கள். சைடுவாலில் 90/88 போல இரண்டு எண் இருக்கும். ஒரு பக்கம் ஒரே டயர் ஓடும் உங்கள் வண்டிக்கு முதல் எண்ணைத்தான் பார்க்கணும். அது 88-க்குக் குறையக் கூடாது. 88 என்றால் 560 கிலோ.

எல்டி டயருக்குக் காற்று அதிகம் வேண்டும், அதனால் ரிம்மும் அந்த அழுத்தத்தையும் பாரத்தையும் தாங்குவதாக இருக்கணும். காரில் வரும் சாதா ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைதான், உலோக வால்வு போடுங்கள். தயாரிப்பு எண்ணையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். டிரெய்லர் டயர் ஓடித் தீர்வதைவிட வெயிலில் நின்று வெடிப்பு விடுவதே அதிகம். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருடத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

ஆம்பூர்_ஹிட்ச்:
டயரைப் பற்றி பாலாறு அண்ணா சொன்னது சரி. ஆனால் டயரை மாற்றினால் மட்டும் ஆட்டம் நிற்காது. 1060-க்கு 50 கிலோ என்றால் ஐந்து சதவீதம்கூட இல்லை. பத்தை ஒட்டி வேண்டும், அதே சமயம் ஹிட்ச்சில் அடித்திருக்கும் உச்ச எடையைத் தாண்டக் கூடாது. முன்னால் எடை குறைந்தால் லாரி உரசிப் போகிற காற்றே போதும், பின்பக்கம் ஊஞ்சல் ஆடத் தொடங்கும்.

உங்கள் குற்றவாளி தண்ணீர்த் தொட்டி. 80 கிலோவை 1.2-ஆல் பெருக்கி 2.4-ஆல் வகுத்தால் 40. அதாவது தொட்டி நிறைந்திருக்கும்போது ஹிட்ச்சிலிருந்து 40 கிலோவைத் தூக்கிவிடுகிறது. காலியாக ஓட்டினால் ஹிட்ச்சில் 90, அச்சில் 890. பார்த்தீர்களா, அப்போதும் பழைய டயர் இரண்டுக்கும் சேர்த்து 16 கிலோ அதிகம். தொட்டியை அச்சுக்கு முன்னால் 0.3 மீட்டருக்கு மாற்றினால் நிறைந்திருக்கும்போதும் ஹிட்ச்சில் 100, அச்சில் 960 வரும். ஒரு டயருக்கு 480. சமையல் மேடை ஒரு பக்கமாக இருந்தால் அந்தப் பக்கம் கூடும். ஒரு சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி எடை பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு நெடுஞ்சாலையில் 65 முதல் 70. 80 என்பது எல்லை, இலக்கு இல்லை. 80-இல் இருக்கிற இயக்க ஆற்றலில் 60-இல் 56 சதவீதம்தான், பிரேக் போடும்போது அந்த வித்தியாசம் தெரியும். ஆட்டம் வந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பி எதிர்க்காதீர்கள், காலால் அழுத்திப் பிரேக்கும் போடாதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள்.

காட்பாடி_வண்டி:
ரொம்ப நன்றிங்க. தொட்டியை மாற்றிவிடுகிறேன். ஏலகிரி ஏற்றத்துக்கு இதே காற்றா, குறைக்கணுமா?

ஏலகிரி_14:
குறைக்கவே கூடாது. வண்டி மூன்று மணி நேரம் நின்று ஆறிய பிறகு, விடியலில் பார்த்த அழுத்தம்தான் கணக்கு. ஓடினால் அது ஏறும், அதைப் பார்த்து மலையடிவாரப் பொன்னேரியில் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை டயர் காற்று பற்றாமல் நிற்கும்.

என் கவலை இறக்கம். 1060 கிலோவுக்குப் பிரேக் இல்லாமல் 14 கொண்டை ஊசி வளைவு இறங்காதீர்கள். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். மலைக்கு மின்சாரப் பிரேக்கைத்தான் சொல்வேன். கப்ளர் (ஹிட்ச் உருண்டையைக் கவ்வும் டிரெய்லர் முனை) தள்ளுவதால் பிடிக்கும் ஓவர்ரன் பிரேக், இறக்கம் முழுக்க உரசிக்கொண்டே சூடாகும். ஏறின கியரிலேயே இறங்குங்கள். வளைவில் டிரெய்லர் சக்கரம் உள்பக்கம் வெட்டும், அகலமாக எடுங்கள்.

புது டயர் போட்டதும் 80 கிலோமீட்டரில் நட்டுகளை மறுபடி முறுக்கணும். நிறுத்தும் இடத்தில் இரண்டு ஹப்பையும் (சக்கரத்தின் நடுப்பகுதி) தொடாமல் கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது, அதோடு மேலே ஏற வேண்டாம்.