உதவி: எந்த டேட்டா போட்டாலும் மோரன் ஐ ஒரே எண்ணா வருது (அவசரம்)

பனிமூட்டம்:
வணக்கம். மழை, காய்ச்சல் கேஸ், மக்கள் அடர்த்தி மூணுக்கும் மோரன் ஐ (பக்கத்து பக்கத்து இடங்கள்ல மதிப்பு ஒத்துப்போகுதான்னு சொல்ற எண்) போட்டேன். மூணுக்கும் -0.006944. சும்மா ரேண்டம் எண் கொடுத்தும் பாத்தாச்சு, அதேதான். மேப்ல காய்ச்சல் கேஸ் ஒரு மூலையில குவிஞ்சு கிடக்கு, கண்ணுக்கே தெரியுது. நாளைக்கு கைடுகிட்ட காட்டணும், ப்ளீஸ்!

வரைபடப்பித்தன்:
எந்த மென்பொருள்? புள்ளியா, பலகோணமா? எடை அணி (எந்த இடத்துக்கு எது அண்டைன்னு சொல்ற அட்டவணை) எப்படிக் கட்டுனீங்க? எத்தனை இடம்? ஒண்ணுமே சொல்லலைன்னா ஜோசியம்தான் பாக்கணும்.

பழையகை:
தம்பி, மோரன் 1950-ல எழுதினதைப் படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. இடத்துக்கும் மதிப்புக்கும் தொடர்பு இல்லைன்னா ஐ-யோட எதிர்பார்ப்பு மதிப்பு சுழியம் இல்ல, -1/(n-1), n-ன்னா இடங்களோட எண்ணிக்கை. உங்க எண் அந்த மாதிரிதான் இருக்கு. தொடர்பு இல்லைன்னு எழுதிட்டுப் போங்க. கண்ணை நம்பி மேப் பாக்கறதெல்லாம் புள்ளியியல் ஆகாது.

கிரிகிங்_ரசிகன்:
மோரனை விடுங்க, வேரியோகிராம் (தூரம் கூடக் கூட மதிப்பு எவ்வளவு வித்தியாசப்படுதுன்னு காட்டற கிராஃப்) போடுங்க. நக்கெட் (ரொம்பப் பக்கத்துலயே இருக்கற வித்தியாசம்) எவ்வளவு, ரேஞ்ச் (தொடர்பு நின்னு போற தூரம்) எவ்வளவுன்னு பாத்தா தொடர்பு எவ்வளவு தூரம் போகுதுன்னு தெரிஞ்சிடும். மழைக்கெல்லாம் அதுதான் சரி.

வரைபடப்பித்தன்:
உங்களுக்கு எதைக் கேட்டாலும் வேரியோகிராம்தான்.

பனிமூட்டம்:
பைத்தான், அதுல பைசால்ங்கற லைப்ரரி. புள்ளி. எடை அணி தூரம் வச்சு, 5000-க்குள்ள இருந்தா அண்டைன்னு கொடுத்தேன். பழையகை அண்ணா, நான் தம்பி இல்ல, தங்கச்சி.

நாலெட்டு:
உங்ககிட்ட 145 இடம்தானே?

பனிமூட்டம்:
ஆமா!! எப்படித் தெரியும்?

நாலெட்டு:
1-ஐ 144-ஆல வகுங்க, 0.006944. பழையகை சொன்ன சூத்திரம் சரி, முடிவு தப்பு. தொடர்பே இல்லாத டேட்டான்னா அந்த எண்ணுக்குப் பக்கத்துல முன்ன பின்ன வரும். மூணு டேட்டாவுக்கும் ஆறாவது தசமம் வரைக்கும் அச்சடிச்ச மாதிரி வராது. எல்லாரும் எல்லாருக்கும் அண்டை வீடா இருந்தா மட்டும்தான் அப்படி வரும். சராசரியிலிருந்து விலகலைக் கூட்டினா சுழியம் இல்லையா, அதனால டேட்டா என்னவா இருந்தாலும் கணக்கு அங்கேயே போய் நிக்கும். கியரி சி (மோரன் மாதிரியே இன்னொரு அளவு) போட்டா சரியா 1 வரும், வேணும்னா பாருங்க.

உங்க புள்ளி அட்சரேகை தீர்க்கரேகையில இருக்கு, அதாவது ஈபிஎஸ்ஜி 4326-ங்கற ஆயமுறை. நீங்க 5000 மீட்டர்னு நினைச்சீங்க, அது 5000 டிகிரின்னு எடுத்துக்கிச்சு. பூமியே 360 டிகிரிதான்! யூடிஎம்முக்கு (மீட்டர்ல அளக்கற ஆயமுறை) மாத்திட்டு எடை அணியை மறுபடி கட்டுங்க. 5000-ஐ 0.045 டிகிரின்னு மாத்திச் சமாளிக்காதீங்க. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக தீர்க்கரேகை டிகிரி சுருங்கும், 60-வது அட்சரேகையில பாதிதான்.

வரைபடப்பித்தன்:
அடடே. இன்னொண்ணு, காய்ச்சல் கேஸை எண்ணிக்கையா போடாதீங்க. ஆள் அதிகமா இருக்கற இடத்துல கேஸும் அதிகமாத்தான் இருக்கும். விகிதமா மாத்துங்க. பலகோணம் கிடைச்சா தூரமே வேணாம், ராணி அண்டைமை (சதுரங்க ராணி மாதிரி, எல்லையோ மூலையோ தொட்டாலே அண்டை) போதும்.

கிரிகிங்_ரசிகன்:
ராணியா? ரூக்தான் (எல்லைக்கோடு தொட்டாத்தான் அண்டை) நல்லது. மூலை மட்டும் தொட்டா அண்டையா?

பழையகை:
ரூக் இல்ல, யானை. தமிழ்ல எழுதறோம்னா ஒழுங்கா எழுதணும்.

கிரிகிங்_ரசிகன்:
நாங்க சின்ன வயசுலேர்ந்து கோட்டைன்னுதான் சொல்றோம்.

பனிமூட்டம்:
மாத்திட்டேன். காய்ச்சல் விகிதத்துக்கு 0.31. ரேண்டம் எண்ணுக்கு சுழியத்தை ஒட்டி வருது. நாலெட்டு, கோடி நன்றி. நாலு இடத்துக்கு அண்டையே இல்லைன்னு எச்சரிக்கை வருது, பரவாயில்லையா?

நாலெட்டு:
பரவாயில்லைன்னு விடாதீங்க. அந்த நாலும் தனித்தீவு, அண்டைக் கணக்குல சேராது. மிக அருகிலுள்ள 4 அல்லது 6 இடம்னு வச்சும் ஒருதடவை ஓட்டுங்க. 0.31 பெருசா ஆடுதான்னு பாருங்க. அந்த 5 கிலோமீட்டரை எதை வச்சு முடிவு பண்ணீங்க? கைடு முதல்ல அதைத்தான் கேப்பாங்க.

கிரிகிங்_ரசிகன்:
அதுக்குத்தான் வேரியோகிராம் ரேஞ்ச் பாருங்கன்னு அப்பவே சொன்னேன்.

நாலெட்டு:
இந்த ஒரு இடத்துல ஒத்துக்கறேன்.

பழையகை:
கோட்டைன்னா அது எப்படிய்யா நகரும்?

வரைபடப்பித்தன்:
பனிமூட்டம், இருக்கீங்களா? 5 கிலோமீட்டர் எங்கேர்ந்து வந்துச்சு?