பிரீத்தி பாலின் 14.21 நொடிகளை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி | ஓடுதளம்

வணக்கம். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பிரீத்தி பால் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வெண்கலம் வென்றதிலிருந்து அவரைப் பற்றி வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். பிறந்த சில நாள்களில் இடுப்புக்குக் கீழே மாவுக்கட்டு போடப்பட்டதும், ஐந்து வயது முதல் எட்டு ஆண்டுகள் காலிப்பர் (கால்களைத் தாங்கும் சட்டம்) அணிந்து நடந்ததும், முசாபர்நகரின் விவசாயக் குடும்பத்திலிருந்து தில்லிக்கு வந்து பயிற்சியாளர் கஜேந்திர சிங்கிடம் சேர்ந்ததும் எல்லாவற்றிலும் இருக்கின்றன. ஆனால் ஓட்டக்காரராக அவர் எத்தகையவர் என்பதை எங்கும் காண முடியவில்லை. அவருடைய நேரங்கள் 14.21 நொடியும் 30.01 நொடியும். பள்ளி மாணவிகளே இதைவிட வேகமாக ஓடுவார்களே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி தவறானது என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் ஏன் தவறு என்பதை அவருக்கு விளக்க முடியவில்லை. விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

மறுமொழி | நேர்கோடு

பிரீத்தி ஓடுவது டி35 பிரிவில். டி35 முதல் டி38 வரையுள்ள நான்கு பிரிவுகளும் தசை இறுக்கம், தசை ஒருங்கிணைப்புக் குறைவு, கட்டுக்குள் வராத அசைவுகள் ஆகியவற்றோடு நின்றபடி ஓடுபவர்களுக்கானவை. இவற்றில் டி35 வீரர்களுக்குப் பெரும்பாலும் இரு கால்களிலுமே பாதிப்பு இருக்கும். டி37 பிரிவில் உடலின் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டிருக்கும். டி38 பிரிவில் பாதிப்பு இன்னும் குறைவு. இந்த வகைப்பாட்டைச் சலுகை என்று நினைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். உண்மையில், பயிற்சி பெற்ற வகைப்பாட்டாளர்கள் முதலில் உடலைச் சோதித்து, பிறகு ஓட்ட அசைவுகளைப் பார்த்து, தேவைப்பட்டால் போட்டியின்போதும் கவனித்த பிறகே பிரிவை முடிவு செய்கிறார்கள். பாதிப்பை வேண்டுமென்றே மிகைப்படுத்திக் காட்டுவது தண்டனைக்குரிய குற்றம். எனவே உங்கள் நண்பர் 14.21 என்ற எண்ணை ஒப்பிட வேண்டிய இடம் அதே கோட்டில் நின்ற மற்ற டி35 வீராங்கனைகளின் நேரங்களே.

மறுமொழி | இயன்முறை

இயன்முறை மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். பிரீத்தியின் உடல்நிலையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. இந்தப் பிரிவில் அதிகம் காணப்படும் தசை இறுக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்த இறுக்கம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. தசையை மெதுவாக நீட்டினால் ஓரளவு இணங்கும். வேகமாக நீட்டினால் உடனே எதிர்த்து இறுகும். அதாவது, ஒருவர் எவ்வளவு வேகமாக ஓட முயல்கிறாரோ, அவ்வளவுக்கு அவருடைய கால்களே அவரைத் தடுக்கின்றன. தொடைகள் உள்நோக்கி இழுக்கப்படும், முழங்கால் முழுமையாக நீளாது, குதிகால் தரையில் சரியாகப் படியாது. களைப்பும் குளிரும் இதை இன்னும் கூட்டும். பயிற்சியில் தசையை வலுப்படுத்துவதோடு, உச்ச வேகத்திலும் தளர்வாக இருக்கக் கற்பதும் முக்கியம். அது பல ஆண்டுகள் பிடிக்கும் வேலை. உடற்குறை இல்லாத பள்ளி மாணவிக்கு இந்தத் தடை இல்லை என்பதால் அந்த ஒப்பீட்டால் எதுவும் தெரிய வராது.

மறுமொழி | நொடிக்கணக்கு

எண்களையும் பார்ப்போம், எனக்கு இந்த வீராங்கனையின் மீது மதிப்பு கூடியதே எண்களால்தான். பாரிஸில் இரண்டு தங்கங்களையும் சீனாவின் சோ சியா வென்றார். ரியோவிலும் டோக்கியோவிலும் இதே இரு ஓட்டங்களில் தங்கம் வென்றவர் அவர். 100 மீட்டரில் அவர் 13.58, வெள்ளி வென்ற குவோ சியான்சியான் 13.74, பிரீத்தி 14.21. 200 மீட்டரில் முறையே 28.15, 29.09, 30.01. பிரீத்திக்கு இரண்டும் அதுவரையிலான தனிப்பட்ட சிறந்த நேரங்கள். 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டுப் போட்டியில் இரு ஓட்டங்களிலும் நான்காவதாக வந்தவர், 2024 மே மாதம் ஜப்பானின் கோபேயில் நடந்த உலக பாரா தடகளப் போட்டியில் 200 மீட்டரில் வெண்கலம் பெற்று, அதே ஆண்டு பாரிஸ் மேடையில் இருமுறை ஏறினார். தடகளத்தின் ஓட்டப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பாராலிம்பிக் பதக்கமும் அவருடைய 100 மீட்டர் வெண்கலமே.

இனி ஒரு கணக்கு. உசைன் போல்ட்டின் 100 மீட்டர் உலகச் சாதனை 9.58, அதன் இருமடங்கு 19.16, அவருடைய 200 மீட்டர் சாதனை 19.19. ஏறக்குறைய சமம், ஏனென்றால் இரண்டாவது நூறு மீட்டரில் புறப்படும் நேரம் மிச்சமாகிறது. சோ சியாவின் 100 மீட்டர் நேரத்தை இருமடங்காக்கினால் 27.16 வரும், 200 மீட்டரில் அவருக்கு ஆனது அதைவிட 0.99 நொடி கூடுதல். பிரீத்திக்கு அந்தக் கூடுதல் 1.59 நொடி. இரண்டாவது நூறு மீட்டரில் வேகம் தேய்வது இந்தப் பிரிவில் எல்லோருக்கும் உண்டு என்பதும், பிரீத்தி முன்னேற வேண்டிய இடமும் அதுவே என்பதும் இதிலிருந்து நான் ஊகிப்பது. இயன்முறை அவர்கள் களைப்பைப் பற்றிச் சொன்னதோடு இது பொருந்துகிறது.

2025இல் தில்லியில் நடந்த உலகப் போட்டியில் அவர் 100 மீட்டரில் வெள்ளியும் 200 மீட்டரில் வெண்கலமும் பெற்றார். நீளம் குறைந்த ஓட்டத்தில் அவர் ஒரு படி ஏறியிருப்பதில் எனக்கு வியப்பில்லை.

ஓடுதளம்

மூவருக்கும் மிக்க நன்றி. போல்ட்டின் கணக்கை நண்பருக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். இன்னும் ஓர் ஐயம்: தசை இறுக்கம் உள்ளவர்களும் குனிந்து, தொடக்கக் கட்டைகளில் கால் வைத்துத்தான் புறப்பட வேண்டுமா?

நேர்கோடு

கட்டாயமில்லை. டி35 பிரிவில் நின்றபடியே புறப்படவும் விதி அனுமதிக்கிறது. கட்டையில் நன்றாக உந்த முடிந்தவருக்கு முதல் பத்து மீட்டரில் லாபம் உண்டு. குனிந்து எழும்போது கால் இறுகுபவருக்கு அதே கட்டை இழப்பாகும். எது நல்லது என்பதை ஒவ்வொரு வீரரும் பயிற்சியாளரோடு சேர்ந்து ஓடிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.