சாந்தெலாஸ்மா: ‘இமை மஞ்சட்படிவு’ பொருந்துமா?

அன்புடையீர்,

மருத்துவக் கலைச்சொல் பட்டியலில், கண்ணிமையில் வரும் சாந்தெலாஸ்மாவுக்கு நேராக ‘கண்ணிமைக் கொழுப்புக்கட்டி’ என்று உள்ளதை மாற்ற வேண்டும். கொழுப்புக்கட்டி என்பது லைப்போமாவுக்கு நிலைத்துவிட்ட சொல். அது தோலுக்கடியில் உருளும், கொழுப்பணுக்களால் ஆன கட்டி. சாந்தெலாஸ்மாவில் கொலஸ்ட்ராலை விழுங்கி நுரைத்துப் பருத்த விழுங்கணுக்கள் தோலின் உள்ளடுக்கிலேயே மண்டிக்கிடக்கின்றன. பெரும்பாலும் மேலிமையில், மூக்கை ஒட்டிய பக்கம், தட்டையாக மஞ்சள் நிறத்தில் தெரியும்.

‘மரு’ என்பதும் ஆகாது. மரு என்றால் சுண்ணாம்பு வைக்கும் வழக்கம் உண்டு. கண்ணருகே வைத்தால் கருவிழி வெந்துவிடும்.

என் பரிந்துரை: இமை மஞ்சட்படிவு. உடலின் பிற இடங்களில் தோன்றும் இதே வகைக் கொழுப்புப் படிவான சாந்தோமாவை மஞ்சட்கழலை என்றால் இரண்டும் ஒரே குடும்பமாக நிற்கும்.

மறுமொழி:

ஐயா, ‘மஞ்சட்படிவு’ எனக்கு உடன்பாடே. பெயரில் கொலஸ்ட்ராலைச் சேர்க்காததும் சரி. இப்படிவு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரத்தக் கொலஸ்ட்ரால் இயல்பாகவே இருக்கும். அதற்காக அழகுக் குறை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. கோபன்ஹேகனில் 12,745 பேரைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், கொலஸ்ட்ரால் அளவைத் தனியே கழித்துப் பார்த்த பின்னும் இவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு கூடுதலாகவே இருந்தது. இரத்தக் கொழுப்பு, சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்க்க வேண்டும் என்று விளக்கக் குறிப்பில் எழுதுங்கள்.

‘படிவு’ என்றதும் மாத்திரையில் கரைந்துவிடும் என்று நோயாளி எண்ணக்கூடும். இரத்தத்தில் அளவு இறங்கினாலும் இமையில் இருப்பது பெரும்பாலும் அப்படியே நிற்கும். நீக்கத்தான் வேண்டும்.

சிகிச்சைச் சொற்களில் சிக்கலானது அமிலப் பூச்சு. ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தை 50 முதல் 100 விழுக்காடு வரை செறிவில் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். முதலில் ஸ்பிரிட்டால் தோலின் எண்ணெயைத் துடைத்து உலரவிடுவார்கள். ஈரம் நின்றால் அமிலம் பரவும். சுற்றிலும் வாசலின் தடவி, குச்சி நுனியில் சுற்றிய பஞ்சை அமிலத்தில் நனைத்துப் பிழிந்து படிவின்மேல் மட்டும் ஒற்றுவார்கள். பிழியாத பஞ்சிலிருந்து ஒரு சொட்டு வழிந்தாலும் கண்ணுக்குள் போகும். புரதம் உறைந்து தோல் வெளுத்ததும் நிறுத்துவார்கள். இந்த வெளுப்புக்கு ‘நீறுபூத்தல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் காட்டும் அடையாளம் அதுதான். தடித்த படிவுக்குச் சில வார இடைவெளியில் மறுபடி பூச வேண்டியிருக்கும். நம் நிறத் தோலில் அந்த இடம் கறுக்கவோ வெளிறவோ கூடும். வீட்டில் செய்யத் தக்கதன்று.

வெட்டி எடுப்பதற்கு ‘அகற்றறுவை’ போதும். தோலை மிகுதியாக எடுத்தால் கீழிமை வெளிப்பக்கம் பிறழும். அதை ‘இமை வெளிப்பிறழ்வு’ எனலாம். திரும்ப வருவதை ‘மீள்படிவு’ என்போம். 1976இல் வெளியான ஓர் அறுவை ஆய்வில் முதல் அகற்றறுவைக்குப் பின்னரே 40 விழுக்காட்டினருக்கு அது வந்திருக்கிறது. அறுவைக்கு ஒப்புதல் கேட்கும் படிவத்திலேயே இச்சொல் இடம்பெற வேண்டும்.