சொல் தேவை: திறப்புப் போட்டால் மட்டும் வருகிற கரண்ட்

உவர்மலை, திருகோணமலையிலிருந்து:

மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிள் வயரிங் பழகவரும் பெடியளுக்காக இரண்டு பக்கத்தில் ஒரு கைத்தாள் எழுதுகிறேன். போன் சார்ஜர், கூடுதல் ஹோர்ன், முன்னுக்குப் பூட்டும் ஃபொக் லைற் இவற்றையெல்லாம் எந்த வயரில் தொடுப்பது என்பதுதான் சங்கதி. முதல் வரியிலேயே இடறிப்போய் நிற்கிறேன். ஆங்கிலக் கைநூல்கள் 'சுவிச்ட் பவர்' என்கின்றன. அதற்கு நம்மிடம் என்ன சொல் இருக்கிறது?

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். பற்றரியின் நேர்முனையிலிருந்து கரண்ட் இரண்டு விதமாகக் கிளம்புகிறது. ஒன்று எந்த நேரமும் இருக்கும். வண்டியைப் பூட்டிவிட்டுப் படுத்தாலும் அந்த வயரில் 12 வோல்ட் நிற்கும். மற்றது திறப்புக் கூட்டுக்குள்ளால் போய்வருவது. திறப்பைத் திருப்பினால்தான் உயிர் வரும். கார்களிலும் இதே பிரிவு உண்டு. ஜெர்மானியர் டின் 72552 என்ற நியமத்தில் சொல் தேடி அலையாமல் இலக்கம் போட்டுவிட்டார்கள்: எந்த நேரமும் உள்ளது 30, திறப்பால் வருவது 15, புவித்தொடுப்பு 31. கெட்டிக்காரர்கள். ஆனால் பதினெட்டு வயதுப் பெடியனிடம் 'பதினைந்தில் தொடு' என்றால் பதினைந்தாவது வயரைத் தேடுவான்.

இந்த வேறுபாட்டை நான் படித்தது புத்தகத்தில் அல்ல, பாதைத் துறையில். (பாதை என்றால் ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்க்கும் மிதவை.) 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்க முன்னம் பாதையில்தான் அக்கரைக்குப் போவோம். விடியப்புறம் நிலாவெளியில் கிளம்பும்போது போட்ட 35 வாற்று ஃபொக் லைற் அது, நேரே பற்றரியில் தொடுத்தது. துறையில் எஞ்சினை நிற்பாட்டித் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டாயிற்று. வெயில் ஏறிவிட்டதால் லைற் எரிவது கண்ணுக்குத் தெரியவில்லை. 35ஐ 12ஆல் பிரித்தால் ஏறக்குறைய 3 அம்பியர். 5 அம்பியர்மணிப் பற்றரி ஒன்றரை மணித்தியாலம் தாங்க வேண்டும் என்பது கணக்கு. பழைய பற்றரி கணக்குப் பார்ப்பதில்லை. அக்கரையில் இறக்கினால் செல்ஃப் மூச்சே விடவில்லை. மேட்டில் தள்ளிக்கொண்டு போனேன்.

சொல்லுக்கு வருவோம். இலங்கைப் பாடநூல்களில் சுவிச்சுக்கு 'ஆளி' என்றிருக்கிறது. 'ஆளியிட்ட வலு' என்று எழுதிப் பார்த்தேன். கோயில் தூணில் நிற்கும் யாளிதான் கண்ணுக்கு வந்தது. போதாக்குறைக்கு, பாடநூலில் 'ஆளியை மூடுக' என்றால் கரண்ட் ஓடும். கடைக்காரன் மூடினால் வியாபாரம் நின்றுபோகும். பெடியள் இந்த இடத்தில் குழம்புவதை வருடாவருடம் பார்க்கிறேன்.

எதிர்ச்சொல்லும் வேண்டும். எந்த நேரமும் உள்ளதை 'நிலைமின்' எனலாம் என்று நினைத்தேன். அது சீப்பால் தலைவாரிக் கடதாசித் துண்டை இழுக்கும் மின்னுக்குப் போய்விட்டது. கராஜில் அதை 'டிரெக்ட் கரண்ட்' என்பார்கள். அதை அகராதி பார்த்துத் தமிழாக்கினால் 'நேரோட்டம்' வந்து நிற்கும், ஆடலோட்டத்துக்கு எதிரான நேரோட்டம். இங்கே இரண்டு வயரிலும் ஓடுவது நேரோட்டம்தானே!

இப்போதைக்கு என் முன்மொழிவு: திறப்புமின், ஓயாமின். அடித்து உடைக்கலாம்.

—

மதுரையிலிருந்து:

ஐயா, வணக்கம். உடைக்கவே வந்தேன், மன்னிக்கவும்.

'திறப்பு' எங்கள் பக்கம் சாவி அல்ல. பாலம் திறப்பு, அணை திறப்பு, கடை திறப்பு, இவ்வளவுதான். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றுண்டு: மின்னியலில் 'திறந்த சுற்று' என்றால் மின்னோட்டம் இல்லாத சுற்று. உங்கள் திறப்பைப் போட்டால் சுற்று மூடுகிறது. திறப்பால் மூடும் மின்சாரத்துக்குத் 'திறப்புமின்' என்று பெயரிட்டால் மாணவன் நிலை என்னாவது?

'சாவிமின்' என்பது என் பரிந்துரை. எங்கள் பள்ளி ஆய்வகங்களில் சுற்றைத் தொடுக்கும் கருவிக்கே சாவி என்றுதான் பெயர். சாவி போர்த்துக்கீசியச் சொல் என்பதால் தயங்குவோர் இருக்கலாம். ஜன்னலும் மேசையும்கூட அவ்வழி வந்தவைதான்.

ஓயாமின் போன்று 'மின்' என்று முடியும் சொற்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. 'மின்' பழந்தமிழில் ஏவல் பன்மை விகுதி. வம்மின், செல்மின், கேண்மின். நாளை யாராவது 'விழிமின்' என்று ஒரு சொல்லாக்கி வயரில் எழுதி ஒட்டினால் மின்சாரமா கட்டளையா?

—

கிண்ணியாவிலிருந்து:

ஸலாம் சேர். நான் எழுதுறது குறைவு, வாசிக்கிறதுதான். இது என்ட தொழில் எண்டதால கை வச்சிட்டன். பிழையிருந்தா பொறுத்துக்கொள்ளுங்க.

பேர் வைக்க முன்ன ஒரு விசயம். உங்கட தாள்ல திறப்பால வாற வயர்ல லைற்ற நேராக் கொழுவச் சொல்லி எழுதிராதீங்க. திறப்புக் கூட்டுக்குள்ள இருக்கிற செம்பு சின்னன், வயரும் மெல்லிசு. ஃபொக் லைற் ரெண்டையும் அதுல தூக்கிவச்சா சூடேறிக் கருகும். ரிலே போடணும், சின்னக் கரண்டால பெரிய கரண்டப் போட்டு நிப்பாட்டுற சுவிச் அது. இனிச் சொல்ற இலக்கமெல்லாம் ரிலேட கால் இலக்கம். தடிச்ச வயர் பற்றரியில இருந்து பியூஸால 30க்கு வரணும், 87ல இருந்து லைற்றுக்குப் போகணும். 85 வண்டிட பொடியில, இரும்புச் சட்டத்துல. 86க்கு மட்டும் திறப்பால வாற வயர்ல இருந்து ஒரு மெல்லிசு வயர். ரிலேச் சுருள் கால் அம்பியரும் இழுக்காது, அதால அந்த வயருக்கு ஒரு பாரமுமில்ல. பியூஸ் பற்றரிக்குக் கிட்ட இருக்கணும், ஒரு சாண்குள்ள. லைற்றுக்குப் பக்கத்துல பியூஸ் போட்டா இடையில உரசுற வயர யாரு காப்பாத்துற?

எந்த வயர் எண்டு கேப்பாங்க. கூடுதலானவங்க டெயில் லைற் வயர்ல எடுப்பாங்க. சில வண்டியில லைற் சுவிச்சப் போட்டாத்தான் அதுல கரண்ட் வரும். பகல்ல ஹோர்ன் அடிக்காது, திரும்ப நம்மளட்டத்தான் வருவாங்க. பழைய வண்டியில ஹெட்லைற் பற்றரியில எரியிறதில்ல, எஞ்சின் சுத்தக் கரண்ட் தாற மெக்னற்றால எரியிறது. முறுக்கினா ஏறும், விட்டா இறங்கும். அதுல சார்ஜரக் கொழுவினா போன் போயிரும். டெஸ்டர் பல்ப வச்சுப் பாக்கிறதுதான் வழி: திறப்பப் போட எரியணும், கழட்ட அணையணும், எஞ்சின் ஸ்டார்ட் இல்லாமலே.

வயர முறுக்கி இன்சுலேஷன் ரேப் சுத்துற வேலையும் வேணாம் எண்டு எழுதுங்க. கடற்காத்துல ஆறு மாசத்துல பச்சை பூத்திரும். மாரிக்குச் சொல்லவே தேவையில்ல.

பேருக்கு வாறன். நாங்க கடையில பெடியனுக்குச் சொல்றது 'அடங்குற லைன்', 'அடங்காத லைன்'. திறப்பக் கழட்டினா அடங்குறது ஒண்டு, அடங்காதது மத்தது. வேற பேர் எனக்குத் தெரியா.

—

உவர்மலை, திருகோணமலையிலிருந்து:

கிண்ணியா நானா, மூன்று நாளாய் நான் புரட்டிய அகராதிகளை மூடிவிட்டேன்.

மதுரை ஐயாவின் கண்டனம் சரி, திறப்புமின் போகட்டும். 'திறந்த சுற்று' மோதலை நான் கவனிக்கவேயில்லை. சாவிமின்னை இங்கும் விளங்கிக்கொள்வார்கள். என்றாலும் அதிலும் என் திறப்புமின்னிலும் ஒரே குறை: இரண்டும் எந்தக் கருவியால் கரண்ட் வருகிறது என்பதைச் சொல்கின்றன. ஆங்கிலச் சொல்லும் அதைத்தான் செய்கிறது. அதனால்தான் 'சுவிச்ட்' என்றதும் பெடியள் ஹாண்டிலில் தனி சுவிச் பூட்டிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். பாதைத் துறையில் என் லைற்றுக்கும் தனி சுவிச் இருந்தது! வண்டிக்காரனுக்குக் கரண்ட் எப்போது வருகிறது என்பது ஒரு பிரச்சினையே இல்லை. எப்போது போகாமல் நிற்கிறது என்பதுதான் பிரச்சினை. கிண்ணியாச் சொல் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

ஆகவே கைத்தாளில் 'அடங்குவழி', 'அடங்காவழி' என்று எழுதப்போகிறேன். லைனுக்கு வழி பொருந்துகிறது. 'மின்' வராததால் ஏவலும் இல்லை. 'அடங்கு' என்றால் உள்ளடங்குதல் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா என ஒருவர் தனிமடலில் கேட்டார். ஊரடங்கைத் தெரியாத ஆள் நம் நாட்டில் யார்? ஊர் அடங்கினால் ஊரடங்கு. திறப்போடு அடங்கினால் அடங்குவழி. மற்றதற்கும் பூர்வீகம் உண்டு: வன்னிக்கு ஒரு பழம்பெயர் அடங்காப்பற்று.

சொல் ஈனுமா என்றும் சோதித்துப் பார்த்தேன். சில புது வண்டிகளில் திறப்பைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் சார்ஜர் முனை உயிரோடு இருக்கும். அது 'தாமத அடங்குவழி'. வாடிக்கையாளர் "பற்றரி இறங்குது" என்று வந்தால் முதற்கேள்வி 'அடங்காவழியில் என்ன தொங்குது?' சும்மா கிடக்கும் சார்ஜர் 15 மில்லியம்பியர் இழுத்தாலும் நாளுக்கு 0.36 அம்பியர்மணி, 5 அம்பியர்மணிப் பற்றரி இரண்டு கிழமையில் காலி. இதை 'சாவிமின் அல்லாத மின்னில்' என்று கேட்டுப் பார்க்கிறேன், வாய் சுளுக்குகிறது.

நியமத்தின் 15, 30 இலக்கங்களையும் பக்கத்தில் போடுகிறேன், பின்னால் படம் வாசிக்க உதவும். ஒன்றில் கவனம்: ரிலேயின் 30 அடங்காவழியில் இருக்கும், 86ஐ உசுப்புவது அடங்குவழி, 87இல் வெளிவருவதும் அடங்குவழி. தடிச்ச கரண்ட் அடங்காவழியிலிருந்து வந்தும் அடங்கப் பழகிவிடுகிறது. இந்த ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதியதும் பின்வாங்கில் ஒருவன் "அப்ப ரிலே எண்டது வாத்தியார் மாதிரி" என்றான்.

ரிலேயை ரிலே என்றே விட்டிருக்கிறேன். அஞ்சலோட்டத்தைப் பார்த்து 'அஞ்சல்' என்று எழுதினால், வாங்கிவரச் சொன்ன பெடியன் தபாற்கந்தோருக்குத்தான் போவான்.