வீட்டுப்பாடம் என்றாலே அழுகை: எது கைகொடுத்தது?

தொடக்கப் பதிவு
பள்ளியில் ஒழுங்காக எழுதும் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்கார்ந்ததும் அழத் தொடங்குகிறார்கள். பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள், அடிக்கடி பார்ப்பதையும் பலன் தந்ததையும் எழுதுங்கள். "பொறுமையாக இருங்கள்" மட்டும் வேண்டாம்.

கணக்கு ஆசிரியை, தொடக்கப் பள்ளி
பெற்றோர் "கவனக்குறைவு" என்று கொண்டுவரும் தப்புகளில் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு இருக்கும். 52-இலிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதுகிற பிள்ளை கவனமாகத்தான் எழுதுகிறது. 2-இலிருந்து 7 போகாது என்பதால் திருப்பிப் போட்டு 7-இலிருந்து 2-ஐக் கழிக்கிறது. எந்த எண் மேலே இருந்தாலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது அதன் விதி. "நல்லாப் பாரு" என்று பத்து முறை சொன்னாலும் அதே 35 தான் வரும்.

அழிப்பானைத் தூர வையுங்கள். "இது எப்படி வந்தது, எனக்குச் சொல்லிக் காட்டு" என்று கேளுங்கள். விதி வெளியே வந்துவிடும். பிறகு குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டுங்கள். ஐந்து கட்டு, இரண்டு தனிக் குச்சி. அதிலிருந்து ஏழு தனிக் குச்சி கேட்டால் பிள்ளையே ஒரு கட்டைப் பிரிக்கும். நாலு கட்டும் பன்னிரண்டு குச்சியும் கண்ணெதிரே கிடக்கும்போது, நோட்டில் 5-ஐ அடித்து 4 போடுவது ஏன் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு மூன்று கணக்கு போதும். இருபது போடவைத்தால் களைப்பில் பழைய விதி திரும்பி வரும்.

முக்கியமாக, பென்சில் பிள்ளையின் கையில் இருக்கட்டும். நீங்கள் வாங்கிப் போட்டுக் காட்டிய கணக்கு உங்கள் கணக்கு.

பள்ளி ஆலோசகர்
மேலே சொன்னது எல்லாம் அழுகை நின்ற பிறகுதான் நடக்கும். அழுதுகொண்டிருக்கும்போது விளக்கினால் காதில் ஏறாது. குரல் உயர்வது மட்டும் ஏறும்.

நோட்டை மூடுங்கள். எதிரே உட்காராமல் பக்கவாட்டில், பிள்ளையின் கண் மட்டத்தில் உட்காருங்கள். "ஏன் அழறே?" வேண்டாம், அந்த நேரத்தில் அதற்குப் பதில் தெரியாது. "கஷ்டமா இருக்கு, எரிச்சலா வருது, இல்லையா?" என்று நீங்களே பெயர் சொல்லுங்கள். தப்பான பெயர் சொன்னாலும் பரவாயில்லை, "இல்ல, பயமா இருக்கு" என்று பிள்ளை திருத்தும். தண்ணீர், கொஞ்சம் நடை. திரும்பும்போது விட்ட கணக்கில் தொடங்காதீர்கள். அதற்கு முந்தைய, தெரிந்த கணக்கு ஒன்றைப் போட்டுவிட்டு அதற்குப் போகட்டும்.

உங்களுக்கே கணக்கு என்றால் பயமா? 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஓர் ஆண்டு கவனித்தது. கணக்குப் பயமுள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய வீடுகளில், பிள்ளைகள் கணக்கில் குறைவாகவே முன்னேறினார்கள், பயமும் கூடியது. அதே பயமுள்ள பெற்றோர் அவ்வளவாக உதவாத வீடுகளில் அந்தப் பாதிப்பு தெரியவில்லை. எனவே நேரமும் இடமும் ஒதுக்குங்கள், பதிலைச் சரிபார்க்கும் வேலையைப் பள்ளிக்கு விடுங்கள். "எனக்கும் கணக்கு வராது" என்று ஆறுதலுக்காகக்கூடச் சொல்லாதீர்கள்.

வாசிப்புப் பயிற்சியாளர்
வாசிப்பிலும் இதே சிக்கல், வேறு வடிவில். பிள்ளை ஒரு சொல்லில் தடுமாறியதும் பெற்றோர் எடுத்துக்கொடுத்துவிடுகிறார்கள். மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிள்ளை அதற்குள் தானே சொல்லிவிடும் என்று நம்பித்தான் எண்ண வேண்டும். வரவில்லை என்றால் முதல் எழுத்தைக் காட்டுங்கள், அல்லது வாக்கியத்தை மறுபடி தொடக்கத்திலிருந்து படிக்கச் சொல்லுங்கள். அப்போதும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள், இழுக்க வேண்டாம். நூறு சொல்லுக்குப் பத்துக்கு மேல் தப்பு வந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்குப் பிள்ளைக்குக் கடினம். அதை நீங்கள் படித்துக்காட்டுங்கள்.

மறுமொழி
ஸ்டிக்கர், பரிசு என்று கொடுத்தால் வேலை சீக்கிரம் முடிகிறதே?

பள்ளி ஆலோசகர்
முடியும், பிடிக்காத வேலையில். ஏற்கெனவே பிடித்த வேலைக்குப் பரிசு பேசினால் கதை மாறுகிறது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையில், வரையப் பிடித்த மழலையர் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்குச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு, விருப்பம்போல் விளையாடும் நேரத்தில் அந்தப் பிள்ளைகள் வரைவது குறைந்தது. சொல்லாமல் கொடுத்த பிள்ளைகளுக்கு அப்படிக் குறையவில்லை. பல் தேய்க்க ஸ்டிக்கர் கொடுங்கள். கதைப் புத்தகத்துக்குக் கொடுக்காதீர்கள்.

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்
பெரிய பிள்ளைகளுக்கு ஒன்று. திரும்பத் திரும்பப் படிப்பது பெற்றோருக்கும் பிள்ளைக்கும் திருப்தி தரும், ஏனென்றால் உடனே கேட்டால் பதில் வரும். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-இல் சோதித்தபோது, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். பாடத்தை ஒரு முறை படித்து, மூடி, வெள்ளைத் தாளில் எழுதட்டும். விட்டதை வேறு நிறத்தில் சேர்க்கட்டும். மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் மறுபடி வெறும் தாள். பாடம் தெரியாத பெற்றோரும் இதற்கு உதவலாம்: புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இன்னும் என்ன இருக்கு?" என்று கேட்டால் போதும்.

பள்ளி ஆலோசகர்
இதையெல்லாம் செய்தும் அழுகை குறையவில்லை என்றால் முதலில் தூக்கத்தைப் பாருங்கள். 6 முதல் 12 வயதுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். விளையாட்டிலும் ஆர்வமில்லாமல், சாப்பாடும் தூக்கமும் மாறி இரண்டு வாரம் தாண்டினால் வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். "செத்துப்போகணும்" என்ற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே போங்கள், பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

மற்றபடி, முடிக்காத வீட்டுப்பாடத்தை நீங்கள் முடித்து அனுப்பாதீர்கள். "இருபது நிமிடம் முயன்றான், மூன்றாம் கணக்கில் நின்றது" என்று நோட்டின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மறுநாள் எங்கிருந்து தொடங்குவது என்று ஆசிரியருக்கு அதில் தெரியும்.