வெயில் ஏறினால் தானாக அணைந்துவிடும் தொலைக்காட்சி: போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி (சத்துவாச்சாரி):
ஐயா, கத்திரி தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டு 43 அங்குல எல்.இ.டி. தொலைக்காட்சி, பிற்பகலில் போட்டால் முக்கால் மணி நேரத்திற்குள் தானாக அணைந்துவிடுகிறது. பின்பக்கம் கை வைக்க முடியாத சூடு; ஆறவிட்டுப் போட்டால் மறுபடியும் ஓடுகிறது. மாடி வீடு, மேலே மொட்டை மாடிதான். மேற்குச் சுவரை ஒட்டிய மர அலமாரிக்குள் தொலைக்காட்சி இருக்கிறது. பழுது பார்க்க வந்தவர் திறந்துகூடப் பார்க்காமல் போர்டையே மாற்றச் சொல்கிறார். வேறு வழி உண்டா?

பதில் (காட்பாடி):
போர்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், சூடு அறையிலிருந்து வருகிறதா, பெட்டிக்குள்ளேயே பிறக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான தொலைக்காட்சிகள் சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரி வரை இருந்தால் ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. வேலூரில் மே மாதம் வெளியிலேயே அதைத் தாண்டிவிடும்போது, வெயில் வாங்கிய மேற்குச் சுவருக்கும் மரப்பலகைக்கும் நடுவில் என்ன நிலை என்று சொல்ல வேண்டியதில்லை. அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, நாற்புறமும் ஒரு சாண் இடம் விட்டு வைத்து, பின்னால் ஒரு மேசை மின்விசிறியை ஓடவிடுங்கள். அதன்பின் அணையாமல் ஓடினால் இடத்தை மாற்றினாலே போதும். விடியற்காலைக் குளிர்ச்சியிலும் அதே முக்கால் மணி நேரத்தில் அணைந்தால், கோளாறு உள்ளேதான்.

பதில் (ஆற்காடு):
பின்மூடியில் கூடுதலாகச் சில துளைகள் போட்டுவிட்டால் காற்று நன்றாகப் போய்வரும்.

பதில் (குடியாத்தம்):
துளை போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நம் ஊரில் பல்லி நுழைய அந்த வழி போதும். உள்ளே மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பவர் போர்டின் மேல் அது குறுக்கே விழுந்தால், சிறு பழுதாக இருந்தது பெரும் செலவாகிவிடும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, இருக்கும் துளைகளில் அடைந்த தூசியை மெல்லிய தூரிகையால் துடைத்தாலே காற்று போகும்.

விடியற்காலையிலும் அணைகிறது என்றால், பெரும்பாலும் பவர் போர்டில் உள்ள, மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களைத்தான் சந்தேகிக்க வேண்டும். சூடு 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது இத்தொழிலில் எல்லோரும் கையாளும் கணக்கு. கெட்டுப்போனதன் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருக்கும், சிலவற்றில் அடியில் பழுப்பாகக் கசிந்திருக்கும். உப்பாமலேயே கெடுவதும் உண்டு என்பதால் மீட்டர் வைத்துப் பார்ப்பதே உறுதி. சூட்டில் விரிந்து இணைப்பு விடும் டிரை சோல்டரும் (சரியாகப் பிடிக்காத ஈயப் பற்றும்) இதே குறியைக் காட்டும். இவற்றைச் சரிசெய்ய முழு போர்டு தேவையில்லை.

நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. வெளியே எடுத்து மின்விசிறி வைத்ததில் கூடுதல் நேரம் ஓடுகிறது, ஆனாலும் அணைகிறது, காலையிலும் அப்படித்தான். அணையும்போது படமும் ஒலியும் சேர்ந்தே போகின்றன.

பதில் (குடியாத்தம்):
படம் மட்டும் போய் ஒலி தொடர்ந்து கேட்டிருந்தால், திரைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட் பட்டைகளைச் சொல்லியிருப்பேன்; இரண்டும் சேர்ந்து போவதால் பவர் போர்டையே முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கெப்பாசிட்டர் மாற்றினால் அதே மைக்ரோ ஃபாரட் (கொள்ளளவு), அதே அல்லது சற்றுக் கூடுதலான வோல்ட், 105 டிகிரி தாங்குவது என மூன்றையும் கேட்டு, உங்கள் கண்ணெதிரிலேயே பொருத்தச் சொல்லுங்கள். திரும்ப வைக்கும்போது அந்த அலமாரியும் மேற்குச் சுவரும் வேண்டாம். பேக்லைட் அளவையும் பாதிக்குச் சற்று மேலே நிற்கும்படி குறைத்துவிடுங்கள்; வீட்டு வெளிச்சத்திற்கு அதுவே போதும், சூடும் கணிசமாகக் குறையும்.