டிஸ்க்கில் இடம் இருந்தும் நின்றுபோன சர்வர்

சர்வர் நின்றுபோன அனுபவங்கள் என்று பேச்சு வந்தாலே, மெமரி நிரம்பி விழுந்த கதைகளைத்தான் பலரும் சொல்வார்கள். என் பங்குக்கு ஐநோடு, அதாவது ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் வைத்திருக்க டிஸ்க்கில் ஒதுக்கப்படும் பதிவு, தீர்ந்துபோன கதை.

நான் வேலை பார்த்த இடத்தில் புரோமிதியஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் சர்வர்களின் நிலையைக் காட்டும் எண்களைத் திரட்டும். அவற்றை வரைபடங்களாகக் காட்டும் கிராஃபானா டாஷ்போர்டில் பார்ப்போம். அன்று மாலை சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் எல்லாமே பச்சை. ஆனால் வாடிக்கையாளர் ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. லாக்கைத் திறந்தால் வரிக்கு வரி 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்', அதாவது டிஸ்க்கில் இடமில்லை. டாஷ்போர்டோ டிஸ்க்கில் பாதிக்கு மேல் காலி என்கிறது!

எங்கள் மூத்த நிர்வாகி பதறவேயில்லை. டிஸ்க் பயன்பாட்டைக் காட்டும் டிஎஃப் கட்டளையோடு 'ஐ' என்ற எழுத்தைச் சேர்த்து அடித்தார். ஐநோடு பயன்பாடு 100 சதவீதம். உள்நுழையும் ஒவ்வொருவருக்கும் பிஎச்பி உருவாக்கும் சின்னச் சின்ன செஷன் கோப்புகள் ஒரே கோப்புறையில் லட்சக்கணக்கில் குவிந்து கிடந்தன. பழையவற்றை அழிக்க வேண்டிய கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணி) எப்போதோ நின்றுவிட்டிருந்தது. மொத்தமாக அழிக்கப் போனால், கோப்புப் பெயர்ப் பட்டியல் மிக நீளம் என்று அழிக்கும் கட்டளையான ஆர்எம் ஓடவே இல்லை. கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்கக்கூடிய ஃபைண்ட் கட்டளையால்தான் அழிக்க முடிந்தது.

லினக்ஸில் டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை உருவாக்கும்போதே ஐநோடு எண்ணிக்கை முடிவாகிவிடும். வழக்கமான அமைப்பில் 16 கேபி இடத்துக்கு ஒன்று; பிறகு அதை மட்டும் தனியாகக் கூட்ட வழியில்லை. ஒரு கோப்பு எத்தனை சிறியதானாலும் ஓர் ஐநோடைப் பிடித்துக்கொள்ளும். பொடிப்பொடிக் கோப்புகள் பெருகினால் இடம் மிச்சமிருக்கும், புதுக் கோப்பு உருவாக்க முடியாது.

எனக்கு ஆற்றாமை எதில் என்றால், சர்வரின் எண்களைப் புரோமிதியஸுக்குத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டர் மிச்சமுள்ள ஐநோடு எண்ணிக்கையையும் விடாமல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. அதைக் காட்டும் கட்டம்தான் டாஷ்போர்டில் இல்லை.

இப்போது நான் அமைக்கும் டாஷ்போர்டுகளில் முதல் வரிசை பயனருக்கு உரியது: உள்நுழைவில் எத்தனை தோல்வி, பதில் வர எவ்வளவு நேரம். சிபியு அதற்குக் கீழேதான். பதில் நேரத்துக்குச் சராசரியை நம்புவதில்லை, 99ஆம் சதமானத்தை, அதாவது நூற்றில் 99 கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்பதைப் பார்க்கிறேன். சிலர் மட்டும் படும் அவதியைச் சராசரி மறைத்துவிடும். டிஸ்க், ஐநோடு இரண்டுக்கும் இப்போதைய அளவை மட்டும் பார்க்காமல், இதே வேகத்தில் போனால் எப்போது தீரும் என்று கணிக்கும் அலர்ட் வைக்கிறேன். புரோமிதியஸிலேயே அதற்கான செயற்கூறு இருக்கிறது.

இன்னொன்றும் அவசியம். எக்ஸ்போர்ட்டரே நின்றுவிட்டால் கிராஃப் வெறுமையாகும். எல்லை தாண்டினால் ஒலிக்கும் அலர்ட்டுக்கு ஒப்பிட எண்ணே இராது, அது வாயே திறக்காது. எண்கள் வரவில்லை என்பதற்கே தனி அலர்ட் வைத்துவிடுங்கள்.